பதினெட்டாவது பெயர்

அந்த வருஷம், 1974-ல், திருப்பதி கால்பந்து லீக் கமிட்டி ஒரு விதி போட்டது. ஒரு டீமுக்குப் பதினெட்டுப் பேர்தான். பெரிய டீம்கள் ஆட்களை அள்ளிப் பெஞ்சில் அடைத்து வைக்கக் கூடாதாம், சின்ன டீம்களுக்கும் ஆள் கிடைக்க வேண்டுமாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சித்தூரில் எங்கள் சர்க்கரை ஆலை டீமில் என்னோடு சேர்த்து இருபத்து மூன்று பேர். என்னைத் தவிர எல்லோரும் பந்தாடுவதற்காகவே ஆலையில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். பட்டியலில் பேர் இல்லாதவனுக்கு வேலையும் இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பட்டியல் எழுதும் புண்ணியம் டீம் செயலாளரான எனக்கு. நான் நிரந்தர குமாஸ்தா, கூடவே இரண்டாவது கோல்கீப்பர். ஒன்பது வருஷத்தில் ஒரு மேட்சில்கூட இறங்கியதில்லை. என் வயிறே பாதி கோலை அடைத்துவிடும் என்பார்கள். அதைப் பரிசோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை.

பட்டியலிலிருந்து நான்கு பேரை அடித்தேன். அவர்களை வேறு டீம்கள் எடுத்துக்கொண்டன. அதுவரை அது நல்ல விதிதான். ஐந்தாவது ஆள் ஞானசிங்கா, நானா? அவனுக்கு முப்பத்து நான்கு வயது, இடது முழங்காலில் தீராத வீக்கம். வேறு யாரும் அவனை எடுக்க மாட்டார்கள். எனக்கோ ஜெர்சி போட்டு டீம் போட்டோவில் நிற்கப் பிடிக்கும். என் பேரை எழுதி, கடைசி நாளன்று தபாலில் சேர்த்தேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

சீசனுக்கு முந்தின ஞாயிறு, சர்ச் கோயிலில் பாதிரி ஐயர் டீம் பட்டியலை வாசித்து ஜெபிப்பது வழக்கம். பேர் கேட்டவர் எழுந்து நிற்க வேண்டும். நெற்றியில் நாமத்தோடு வெங்கடராகவன்கூட வந்து நிற்பான். ஜெர்சி எண் வரிசைதான். பத்தாம் எண் ஆனதும், பழக்கத்தில் பதினொன்றாம் எண் ஞானசிங் எழுந்துவிட்டான். ஐயர் பன்னிரண்டுக்குப் போனார். அவன் உட்காரவில்லை. கடைசியில் என் பேர் வந்தது. ஐயர் கண்ணை மூடி, நிற்கிறவர்களின் கால்களைக் காக்கும்படி ஜெபித்தார். பத்தொன்பது பேர் நின்றோம்.

வெளியே வந்ததும் கேட்டான்.

"சாந்தண்ணா, ஐயரு கண்ணாடி மாத்தணுமா, நீ எழுதலியா?"

"நான்தான் எழுதல."

"பதினெட்டாவது யாரு?"

"நான்."

என் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "போட்டோ புடிக்கிறவன் ரொம்ப தூரமா நிக்கணும்ண்ணா," என்றான். பக்கத்தில் நின்ற அவன் மனைவி எலிசபெத் சிரிக்கவில்லை.

திங்களன்று லீவு போட்டுத் திருப்பதி போனேன். "பேரை எடுக்கலாம். புதுசா சேக்கறது லேதண்டி, தேதி முடிஞ்சிபோச்சு," என்றார் கமிட்டிக்காரர். என் பேரையாவது எடுக்கச் சொன்னேன். பதினேழு ஆனது. அதனால் யாருக்கு என்ன லாபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஆலை வாசலில் ஞானசிங் தன் வேலை டோக்கனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். என் பேரை எடுத்துவிட்டதைச் சொன்னேன்.

"அப்போ ரெண்டு பேருமே வெளிய," என்றான். "உனக்கு வேலை இருக்குதில்ல?"

"இருக்குது."

"போண்ணா, சங்கு ஊதிட்டான்."

போனேன்.