மின்கசிவு உண்டு

எங்கள் வீடியோ கேம் விளையாட்டுக் கூடத்தில் பழைய மெஷின்களை விற்க மாட்டோம், உடைப்போம். இதைச் சொன்னதும் என்னை ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். "நல்லா ஓடுற மெஷினை எதுக்கு உடைக்கிறீங்க? வித்தா நாலு காசு வருமே?" என்று கேட்காத ஆளே இல்லை.

விற்றால் அது எங்கே போகும்? கடலிலா போய் விழும்? இரண்டு தெரு தள்ளி இன்னொருவன் கடையில் நிற்கும். எங்கள் மெஷினை வைத்தே எங்கள் ஆட்களை இழுப்பான். அதில் ஓடும் விளையாட்டும் எங்களுக்குச் சொந்தமில்லை. செய்தவன் எங்கள் கூடத்தில் ஓட்டத்தான் அனுமதி கொடுத்திருக்கிறான். நாளைக்கே வேறு எங்காவது யாருக்காவது ஷாக் அடித்தால், பின்பக்கம் ஒட்டியிருக்கும் எங்கள் கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு எங்களைத்தான் தேடி வருவார்கள். இதெல்லாம் வெளியே சொல்லும் காரணங்கள். உள்ளே இருக்கும் காரணம் ஒன்றுதான்: எனக்கு வேண்டாமென்று போனதை வைத்து நீ நன்றாக இருந்துவிடக் கூடாது. கம்பெனிக்கும் வயிறு உண்டு, அது எரியவும் எரியும்.

எனக்கு இது நன்றாகப் புரியும். வயிற்றெரிச்சலில் நான் கம்பெனிக்குக் கொஞ்சமும் இளைத்தவன் இல்லை.

பத்தொன்பது வருஷமாக இங்கே மெக்கானிக். இந்த முறை ஆறு மெஷின்களை உடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை இரண்டாக அறுக்க வேண்டும், திரையைக் கழற்ற வேண்டும், எண் பொறித்த தகட்டைப் பிடுங்கித் தாளில் ஒட்டி அனுப்ப வேண்டும். அந்த ஆறில் ஒன்று கார் ரேஸ் மெஷின். அதைப் பட்டியலில் பார்த்ததும் எனக்கு வருத்தம் வரவில்லை. அவசரம் வந்தது. அதில் எனக்கு ஒரு கணக்கு பாக்கியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் என் மச்சினிக்குக் கல்யாணமான புதிதில், மாமனார் குடும்பம் மொத்தமும் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தது. சகலை அப்போதுதான் முதல் தடவையாக அப்படி ஒரு மெஷினில் உட்கார்ந்தான். "பிரேக் எது சகலை?" என்று என்னிடம்தான் கேட்டான். நான்தான் காட்டினேன். மூன்று நிமிஷம். மெஷின் மணியடித்து, விளக்கெல்லாம் சுற்றி, அவனை முதலிடத்தில் உட்காரவைத்துவிட்டது. மூன்று எழுத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டது. எழுத்தை மாற்றத் தெரியாமல் பொத்தானை மூன்று தடவை அழுத்தினான். இங்கிலீஷின் முதல் எழுத்து வரிசையாக மூன்று தடவை விழுந்தது. ஏ, ஏ, ஏ.

அதோடு எழுந்து போய்விட்டான். மறுபடி அதைத் தொடவே இல்லை. இரண்டாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை அத்தனையும் நான். தினமும் காலையில் மெஷினைப் போட்டதும் பட்டியல் மேலே வரும். ஏ, ஏ, ஏ! தெருவில் போகிற எவனோ மரியாதையில்லாமல் என்னைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

ஒரு மெஷினுக்கா இந்தப் பாடு என்று கேட்பீர்கள். என் மாமியார் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள். சகலை பல் டாக்டர். அவன் சிரித்தால் அத்தைக்கு வாயெல்லாம் பல். அவன் தட்டில் போடும்போது கரண்டி தானாக ஆழமாக இறங்கும், என் தட்டுக்கு வரும்போது மேலோடு மிதக்கும். அவன் தும்மினால் வெந்நீர், நான் இருமினால் "ஜன்னலைச் சாத்துங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. மோட்டார் நின்றால், மிக்சி புகைந்தால், ஃபேன் முனகினால் பல் டாக்டரைக் கூப்பிட முடியாதே! "மூத்த மாப்பிள்ளைக்குத்தான் கைராசி" என்பார் மாமா. "அவர் தொட்டா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்." கைராசி என்பது டாக்டர்களுக்குச் சொல்கிற வார்த்தை. அது அவனுக்குப் போகாமல் எனக்கு வந்ததில் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று யாருக்கும் தெரியாது.

உத்தரவு வந்த மறுநாள் காலை சகலையே கூடத்துக்கு வந்து நின்றான். வாயில் "வாங்க வாங்க", மனசில் "வந்துட்டான்".

"சகலை, அந்தக் கார் மெஷினை உடைக்கப் போறாங்களாமே? அக்கா சொன்னாங்க. எனக்குக் கிடைக்குமா? கிளினிக்ல போடலாம்னு பாக்குறேன். சின்னப் பசங்க நாற்காலியைப் பாத்தாலே அலறுதுங்க. வெளிய உக்காந்து ரெண்டு ரவுண்டு ஓட்டுனா பயம் போயிடும்ல?"

"கம்பெனி விடாதுங்க. விக்கவே மாட்டாங்க. சட்டம் அப்படி."

சொல்லி முடிக்கவில்லை, பின்னாலிருந்து மேனேஜரம்மா குரல் வந்தது. "வெளிய விக்கத்தான் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம்னா சும்மா குடுக்கலாம், டாக்டர். காசு போடுற துவாரத்தை அடைச்சிடணும். கேம் கம்பெனிகிட்டயும் தலைமை ஆபீஸ்லயும் நான் பேசிக்கறேன். ஆனா மெக்கானிக் பாதுகாப்பானதுன்னு எழுதிக் குடுக்கணும். அவர் எழுதாம ஒண்ணும் நடக்காது."

"அப்ப கவலையே இல்ல," என்று சகலை என் தோளில் கை போட்டான். "சகலை பாத்துக்கிட்ட மெஷின். இதைவிட என்ன பாதுகாப்பு வேணும்?"

அவன் போன பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. கிளினிக் வாசலில் அந்த மெஷின் நிற்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது. பிள்ளையைக் கூட்டிவரும் ஒவ்வொரு தாயும் கேட்பாள், "முதல்ல இருக்கறது யாரு?" கம்பவுண்டர் சொல்வான், "நம்ம டாக்டர்தாங்க." "கீழ ஒன்பது இடத்துலயும் ஒரே பேரா இருக்கே, அது யாரு?" அதற்குமேல் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பட்டியலை அழிக்க மெஷினுக்கு உள்ளே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எல்லாம் சுத்தம். ஆனால் ஜெயிக்காமல் அழித்தால் அது ஜெயித்ததாகுமா? அழித்த மறுநாளே அவன் விளையாட்டாக உட்கார்ந்து மறுபடி மணியடிக்க வைத்துவிட்டால்?

ஒரே வழிதான். கொடுப்பதற்குள் அவனை முந்திவிட வேண்டும். முந்திவிட்டால் பெருந்தன்மையாகத் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

மூன்று நாள் காலை கூடம் திறப்பதற்கு முன்பே போய் உட்கார்ந்தேன். வீட்டில் "சர்வீஸ் வேலை" என்று சொல்லியிருந்தேன். ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் விட்டேன், பெடல் ஸ்பிரிங்கை மாற்றினேன். என் கையால் கழற்றி மாட்டிய மெஷின், எந்த வளைவில் எவ்வளவு சறுக்கும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். வெள்ளிக்கிழமை கடைசி வளைவு வரை அவன் கணக்குக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தேன். இதோ, இதோ என்று நெஞ்சு அடித்தது. அந்த நேரம் பார்த்து பிரேக்கை மிதிக்கும்போது அவன் குரல் காதில் கேட்டது. "பிரேக் எது சகலை?" வண்டி சுவரில் போய் மோதியது.

மறுபடி இரண்டாம் இடம்.

பத்து நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து மீட்டரை எடுத்து வந்தேன். படிவத்தை நிரப்புவதற்கு முன் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது முறை. மெஷின் உடம்பில் ஒரு முனை, எர்த்தில் ஒரு முனை. முள் அசையக்கூட இல்லை. பத்தொன்பது வருஷத்தில் இந்த மெஷினைத் தொட்டு ஒரு பிள்ளை "ஆ" என்று சொன்னதில்லை.

படிவத்தில் எழுதினேன்: மின்கசிவு உண்டு.

மேனேஜரம்மா படித்துவிட்டு, "அடப் பாவமே, டாக்டர் ஆசையா கேட்டாரே," என்றார். நானும் ஒரு "உச்" கொட்டினேன். பிறகு போர்டைக் கழற்றி மேஜையில் வைத்து ரம்பத்தை எடுத்தேன். மற்ற ஐந்து போர்டுகளையும் அறுத்தபோது அது வேலை. இதை அறுத்தபோது சந்தோஷம். சொல்லக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான். இனி அது யாரையும் பார்த்து ஏ என்று கூப்பிடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் சாப்பாடு. உள்ளே நுழையும்போதே அத்தை ஒரு மிக்சியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் நாற்காலி பக்கத்தில் வைத்தார். "ரெண்டு நாளா சுத்த மாட்டேங்குது மாப்பிள்ளை. உங்க கைக்குத்தான் காத்திருக்கு." எனக்கு உச்சி குளிர்ந்தது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் சகலை ஆரம்பித்தான். அவன் குரலில் துளி வருத்தம் இல்லை. அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது.

"மாமா, நேத்து மேனேஜரம்மா போன் பண்ணாங்க. அந்த மெஷின்ல கரன்ட் கசியுதாம். சகலைதான் கண்டுபிடிச்சு எழுதியிருக்காரு. நல்லவேளை! என் கிளினிக்ல வெச்சு ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் கடையை மூட வேண்டியதுதான். நீங்க என்னைக் காப்பாத்திட்டீங்க சகலை."

"அதான் கைராசி," என்றார் மாமா.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே பெருமையாகத் தலையசைத்தேன். அப்போதுதான் மச்சினி கையை நிறுத்தினாள்.

"அத்தான், போன மாசம் எங்க பாப்பா அதுலதான உக்காந்து ஓட்டுனா? நீங்கதான தூக்கி உக்கார வெச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது... அப்ப கசிவு இல்ல. இப்பத்தான் வந்துச்சு."

"எப்ப?" என்று அத்தை கேட்டார். அதுவரை என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை. "தினமும் அதுல எத்தனை புள்ளைங்க உக்காருது? நீங்கதான மாப்பிள்ளை பாத்துக்கிறீங்க?"

இரண்டு பதில்தான் இருந்தன. கசிவே இல்லை, பொறாமையில் பொய் எழுதினேன் என்று சொல்லலாம். அல்லது கசிந்தது, பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாள் விடியற்காலை சர்வீஸ் செய்தவன் கசிவை எப்படி விட்டான் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த உபகாரத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

"கவனிக்காம விட்டுட்டேன் அத்தை. என் தப்புதான்."

"விடுங்கத்தை," என்றான் சகலை. "மனுஷன்னா தவறு நடக்கும். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே."

அவன் எனக்காகப் பேசினான். அதையும் மென்று விழுங்கினேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து மிக்சியைத் தேடினேன். நாற்காலி பக்கத்தில் அது இல்லை. அத்தை அதைச் சகலையிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கிளினிக் மெஷினையெல்லாம் பாக்குறவரு யாரோ இருக்காருன்னு சொன்னீங்களே, அவர்கிட்ட குடுத்துப் பாருங்க. அடுப்படியில வெச்சிப் புழங்குற சாமான். பயமா இருக்கு."

"தாராளமா அத்தை. மோட்டாருக்கும் அவரையே அனுப்புறேன்."

இரண்டு கையாலும் மிக்சியைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்கு நடந்தான். கதவைத் திறக்க அவனுக்குக் கை இல்லை. நான் போய்த் திறந்து பிடித்துக்கொண்டேன்.