கவ்வியில் கட்டிய எலுமிச்சம்பழம்

புது லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டாத தமிழன் மலாக்காவில் உண்டா? நானும் கட்டினேன். ஆனால் லாரியில் இல்லை, வெள்ளைக்காரக் கேப்டனின் பந்தயக் கேட்டமரானில். அதுதான் வினையாகிவிட்டது.

இரண்டு நீளப் படகுகளை அக்கம்பக்கம் நிறுத்தி, நடுவில் வலை கட்டி, தென்னையைவிட உயரமாகப் பாய் விரித்தால் எப்படி இருக்கும், அதுதான் கேட்டமரான். 1995இல் பங்கோர்த் தீவுவரை போகும் பந்தயத்துக்குக் கேப்டன் ஆறு பேரைச் சேர்த்தார். தமிழர்கள் நாங்கள் இருவர்தான். நான் திலீபன், ஜாசின் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இன்னொருவன் கடலோரத் தெங்கேராவில் இருக்கும் அல்போன்ஸ். நன்றாகச் செய்தால் இருவருக்கும் அந்தப் படகிலேயே நிரந்தர வேலை என்று கேப்டன் சொல்லியிருந்தார்.

கிளம்பும் அன்று, மஞ்சள் நூலில் கோத்த பழத்தை முகப்பில் கட்டப் போனேன். கேப்டன் பார்த்தால் சிரிப்பாரே என்று வெட்கம் வந்துவிட்டது. சாமி காரியத்துக்கு வெட்கப்பட்டேன் பாருங்கள், எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. பாய்மரத்தடியில், பாய்க்கயிற்றைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கவ்விக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு சுமத்ராப் பக்கம் வானம் கறுத்தது. காற்று அறைந்தது. கூரை உயரத்துக்கு அலை எழுந்தது. படகின் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு மேலே கிளம்பிவிட்டது. அப்படிக் கிளம்பினால் உடனே கவ்வியைத் திறந்து கயிற்றைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். அது அல்போன்ஸின் வேலை. நான் இரண்டு முழம் தள்ளி வலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

கயிற்றை விடச் சொல்லிக் கேப்டன் கத்தினார். அல்போன்ஸ் இழுக்கிறான், கவ்வி திறக்கவில்லை. அலையில் அவிழ்ந்த என் மஞ்சள் நூல் அதன் பற்களுக்குள் போய்ச் சுருண்டிருந்தது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவன் விரலை உள்ளே விட்டு நோண்டினான். கவ்வி சட்டென்று திறந்தது. பாய்ந்த கயிறு அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டுப் போனது. மேலே நின்ற பக்கம் தொப்பென்று விழுந்த வேகத்தில் பாய்மரம் முறிந்தது.

கரைக்கு வந்ததும் கேப்டன் எல்லார் முன்னாலும் அல்போன்ஸைத் தூங்குமூஞ்சி என்று திட்டி, இனி வர வேண்டாம் என்றார். என் தோளைத் தட்டி, நீ இரு என்றார். இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு பை ஆப்பிளோடு தெங்கேராவுக்குப் போனேன். அல்போன்ஸின் மனைவி பாட்ரீசியா அடுப்படிக்குப் போனதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"நூல அப்பவே கடல்ல போட்டுட்டேன்லா. பழத்தையும்தான்."

"கேப்டன்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன்ன மட்டுமா சிரிப்பான்? நம்ம ஆளுங்க எல்லாரையும் சேத்துதான் சிரிப்பான். இவகிட்டகூட சொல்லல."

அவன் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். என் சாமி பழத்தின் மானத்தை அவன் காப்பாற்றியிருக்கிறான். நான் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. நாளைக்கே கேப்டனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினேன்.

பாட்ரீசியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. இவரு தூங்கிட்டாருன்னு எல்லாரும் பேசுறாங்க. நெசமாண்ணே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், பிறகு என்னதான் நடந்தது என்று கேட்பாள்.

"அலை ரொம்பப் பெருசும்மா," என்றேன். "எனக்கு ஒண்ணும் சரியா தெரியல."

அல்போன்ஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையால் கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்.

"ஆறிடும், குடிலா."

குடித்தேன். மறுநாள் படகு வேலைக்குப் போனேன். கேப்டனிடம் எதுவும் சொல்லவில்லை.