எந்தக் கை?

சவப்பெட்டியில் கிடந்த அக்காவின் முகத்திலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கைப்பையில் எப்போதும் இருக்கும் மெல்லிய துணியால் தங்கை துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் வானாய்வக இயக்குநர் வந்தார். முதலில் மலர்வளையம் உள்ளே வந்தது, பின்னால் அவர். வளையத்தைச் சுமந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. வானாய்வகத்தின் பெயர் அதன் குறுக்கே கொட்டை எழுத்தில் ஓடியது. அக்காவின் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தங்கை தேடிப் பார்த்தாள். கீழே, ரிப்பனின் மடிப்புக்குள் இருந்தது.

யாரோ கை வைத்த ரேகை இரண்டு வில்லைகளிலும் அப்பியிருந்தது. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தங்கைக்கு அது பொறுக்காது. செத்தவளுக்கு இனிக் கண்ணாடி எதற்கு என்று அத்தான் கேட்டிருந்தார். "கண்ணாடி இல்லாம அம்மா வேற யாரோ மாதிரி இருக்காங்கப்பா" என்று அக்காவின் மகள் அழுததால் மாட்டிவிட்டார்கள். தங்கை அதைத் திரும்ப மாட்டி, காதோரம் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். அத்தான் ஓடிப்போய் இயக்குநரின் கையைப் பிடித்து முன்வரிசைக்கு அழைத்து வந்துகொண்டிருந்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் வேலையில் தங்கைக்குப் புரிந்தது கொஞ்சம்தான். தங்கை கடையில் விற்கிற, வெயிலில் கண் கூசாத கறுப்புக் கண்ணாடிக்கும் அந்த வேலைக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று அக்கா கிண்டல் செய்வாள். வானத்தில் சில நட்சத்திரங்கள் ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. சில ஜோடிகளில் ஒன்று செத்துச் சுருங்கியது, ஆனால் பொல்லாத காந்தம். பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துத் தன் துருவத்தில் கொட்டிக்கொள்ளும். கொட்டுகிற இடத்திலிருந்து வரும் ஒளி திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். ஒரு துருவம் என்றால் வலப்பக்கம், மற்றது என்றால் இடப்பக்கம். அந்த முறுக்கை அளப்பதுதான் அக்காவின் வேலை. தொலைநோக்கியின் அடியில் ஒரு தகடு உண்டு. ஒரு படம் எடுத்ததும் அதை மறுபக்கம் திருப்ப வேண்டும், அடுத்த படத்துக்குப் பிறகு திரும்ப இந்தப் பக்கம். விடிகிறவரை இதே கதை. பழைய கருவியில் கையால்தான் திருப்ப வேண்டும், விளக்குப் போடக் கூடாது. ஒரு தடவை மறந்தால் போதும், அதற்குப் பிறகு வலதெல்லாம் இடது, இடதெல்லாம் வலது.

அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு. தகடு இடப்பக்கம் போனால் அதுவும் இடக்கைக்குப் போகும், வலப்பக்கம் போனால் வலக்கைக்கு. கட்டைவிரலால் தடவினால் தெரிந்துவிடும். அப்போது குழுத் தலைவராக இருந்த இந்த இயக்குநர் இருட்டில் கீழே உட்கார்ந்து "எந்தக் கை?" என்று குரல் கொடுப்பாராம். அக்கா "இடது" என்பாள். அவர் எழுதிக்கொள்வார். வீட்டில் அக்கா அவரைப் போலவே மூக்கால் "எந்தக் கை?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. ஒரு ஜோடியில் முறுக்கு வலம், இடம் என்று மாறி மாறி வந்தது. இரண்டு துருவங்களிலும் கொட்டுகிறது என்று அக்கா எழுதினாள். அந்த நட்சத்திரத்தில் ஒரு துருவத்தில்தான் கொட்டும் என்று பெரியவர்கள் எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். விசாரணைக் குழு உட்கார்ந்தது. கைக்குழந்தைக்காரி, தூக்கக் கலக்கத்தில் தகட்டைத் திருப்ப மறந்திருப்பாள் என்றார், இருட்டில் கை கேட்டு எழுதிய அதே தலைவர். ரப்பர் பேண்டைப் பற்றிக் கேட்டபோது, அப்படி எதையும் பார்த்ததே இல்லை என்றார். பச்சைப் பொய். அக்காவின் கட்டுரையைத் திரும்பப் பெற வைத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்குத் தொலைநோக்கி கிடைக்கவில்லை. சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லியே அவளுக்கு முடி நரைத்தது.

இந்த வருடம் தகட்டைத் தானே திருப்பும் புதுக் கருவி வந்தது. அதே ஜோடியை அளந்தார்கள். வலம், இடம், வலம், இடம். கண்டுபிடித்தவர் என்று இயக்குநரின் படம் பத்திரிகைகளில் வந்தது. அக்கா அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பார்த்தாள். "ஒரு ரப்பர் பேண்டு குடு" என்று மட்டும் கேட்டாள். மாத்திரைப் பொட்டலத்தைச் சுற்றியிருந்ததைத் தங்கை கழற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து கைக்குக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள். விரலில் வலு போன பிறகு மகள் மாற்றிவிட்டாள். நேற்றுக் காலை மகள் முகம் கழுவப் போன நேரத்தில் மூச்சு நின்றது. ரப்பர் பேண்டு இடக்கையில் நின்றுபோனது.

அத்தான் குனிந்து காதோடு பேசினார். "சார் ரெண்டு வார்த்தை பேசணுங்கறாரு."

"எந்த ரெண்டு வார்த்தை?"

"இன்னைக்காவது விடேம்மா."

"அவ விட்டா, நீங்களும் விட்டீங்க. விட்டு என்னத்தைக் கண்டோம் அத்தான்?"

இயக்குநர் காகிதத்தைப் பிரித்தார். அவர் குரலுக்கு என்ன குறை! "எங்கள் கருவிகளுக்குத் தாயாக இருந்தவர்" என்றார். "எங்கள் குழுவின் மாபெரும் கண்டுபிடிப்பு வெளிவந்த ஆண்டிலேயே அவரை இழந்தது பேரிழப்பு" என்றார். கடைசியில் தழுதழுத்து, "உறக்கம் என்பதையே அறியாத உழைப்பாளி" என்று முடித்தார். இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

உறக்கம் அறியாதவளாம். எந்த வாயால் சொல்கிறான் பாவி என்று தங்கை பெட்டியை ஒட்டிப் போய் நின்றாள்.

மண்டபப் பணியாளர் மூடியை எடுக்க வந்தார். அவள் பெட்டியின் விளிம்பில் கை வைத்தாள்.

"மூடாதீங்க."

"அடுத்த பெட்டி வாசல்ல வந்து நிக்குதும்மா."

"நிக்கட்டும். சார், கொஞ்சம் இங்க வாங்க."

துக்க வீட்டில் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா? வந்தார். "சொல்லுங்கம்மா. உங்க மனசு எனக்குப் புரியுது."

"தூக்கமே தெரியாதவன்னு இப்பதான் சொன்னீங்க. அப்பறம் எப்படி சார் தூங்கி வழிஞ்சு தகட்டைத் திருப்ப மறந்தா?"



"அது துறை சம்பந்தப்பட்ட விஷயம். இந்த இடத்துல வச்சு..."

"வேற எந்த இடத்துல? இதுக்கு மேல அவ எங்கயும் வரமாட்டா. அவ கணக்கு தப்பலைன்னு ஒரு வரி சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி. அப்பறம் மூடட்டும்."

"சித்தி..." என்றாள் மகள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநரின் முகத்திலிருந்து துக்கம் இறங்கிக்கொண்டது. "நீங்க கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கீங்க? அளவீடு, பிழைன்னு இதெல்லாம் உங்களுக்கு..."

"தெரியாதுதான். தெரிஞ்சதை மட்டும் கேக்கறேன்." அவள் பெட்டிக்குள் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அக்கா வீட்டில் செய்துகாட்டுவாளே, அதே மூக்குக் குரலில் கேட்டாள். "எந்தக் கை?"

அவர் கண் சட்டென்று கீழே போனது. அடுக்கி வைத்திருந்த அக்காவின் கைகளில், சட்டைக் கைக்கு வெளியே லேசாகத் தெரிந்த ரப்பர் பேண்டில் போய் நின்றது. "இட..." என்றது அவர் வாய்.

மீதியை விழுங்கிக்கொண்டார். ஆனால் ரப்பர் பேண்டைப் பார்த்ததே இல்லை என்றவர் சொன்னது சொன்னதுதான். முன்வரிசையில் அன்றைய விசாரணைக் குழுவில் இருந்த ஒருவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருக்குப் பின்னாலிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ கேட்டாள், அவள் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். வானாய்வகத்து ஆட்கள் யாரும் இயக்குநரைப் பார்க்கவில்லை.

"சொல்லுங்க சார்" என்றாள் தங்கை. "பாதியில நிறுத்திட்டீங்களே."

அவர் காகிதத்தை நான்காக மடித்தார். பிறகு இன்னும் ஒரு மடிப்பு மடிக்கப் பார்த்தார், மடியவில்லை. அவள் கேட்ட ஒரு வரியைச் சொல்லாமலே அதைச் சட்டைப் பையில் திணித்தார். பணியாளர் மெல்லக் கனைத்தார். விளிம்பைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் வலித்தன.

மகள் எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் அம்மாவின் இடக்கையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். தங்கை அக்காவின் வலக்கையைத் தூக்கிக் கொடுத்தாள். அது சில்லிட்டு விறைத்திருந்ததால் விரல்களைத் தாண்ட நேரமானது. மாட்டியதும் மகள் அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"வலது" என்றாள்.

தங்கை பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். பணியாளர் மூடியைக் கொண்டுவந்தார்.