பின்வாசலுக்குத் தட்டு வைத்து அழைத்தது

கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூடம், கண்ணுகளா. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் ஒரு சின்ன வீதியில் இருந்தது. காலை நேரத்தில் அந்த வீதியில் ஒரு பால் வண்டி போகும், ஒரு கீரைத் தள்ளுவண்டி போகும், எப்போதாவது ஒரு ஸ்கூட்டி போகும். பின்வாசல் பெரிய ரோட்டில். அங்கே டிப்பர் லாரியும் டவுன் பஸ்ஸும் கம்பெனி வேனும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். பிள்ளைகளுக்கு ரோடு தாண்டிவிடப் பள்ளிக்கூடம் சம்பளம் கொடுத்து ஒரே ஒரு காவலாளை வைத்திருந்தது. அவரை எந்த வாசலில் நிறுத்தியிருந்தார்கள் என்கிறீர்கள்? முன்வாசலில்தான். பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை அங்கேதானே இருக்கிறது.

பின்வாசலுக்கு எதிர்ச்சாரியில் அன்புச்செல்வி குடியிருந்தாள். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. கணவன் லாரி ஓட்டப் போனவன், வந்தால் உண்டு. மகள் இனியா மூன்றாம் வகுப்பு. கம்பெனி வேன் அவள் வீட்டுப் பக்கத்து ஸ்டாப்பில் வந்து நிற்கும், ஆனால் காத்திருக்காது. இனியாவைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி விட்டுவிட்டு, திரும்ப இந்தப் பக்கம் வர வழி கிடைப்பதற்குள் வேன் போய்விடும். பிறகு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால், கம்பெனி வாசலில், அதே வேனில் முன்னாலேயே வந்துவிட்ட சூப்பர்வைசர் சசிதர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பான்.

"அன்புக்கா, நானும் எத்தனை தடவைங்க சொல்றது? இன்னொருக்கா லேட்டானீங்கன்னா மேல இருக்கறவங்க நிறுத்திப்போடுவாங்க. அப்பறம் என்னையக் கேக்கப்படாது."

அவள் தலைமை ஆசிரியையிடம் போய் அழுதாள். பின்வாசலுக்கு ஓர் ஆள் போட்டால் போதும், தன் வேலை பிழைக்கும் என்றாள். தலைமை ஆசிரியை நல்லவர். உடனே வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டார்: பிள்ளைகள் ரோடு தாண்ட உதவத் தன்னார்வலர்கள் தேவை.

ஊரே திரண்டுவிட்டது. மில் வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருந்த லட்சுமணசாமி வந்தார். வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற நஞ்சப்பன் வந்தார். உதிரி பாகக் கடை அப்துல் கையூம் வந்தார். அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து பெரியவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் மின்னுகிற பச்சை ஜாக்கெட், கையில் ஸ்டாப் போர்டு. ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் இன்னும் ஒரு பிள்ளையைக்கூட ரோடு தாண்டிவிடவில்லை, அதற்குள் பொன்னாடை.

பிறகு கூட்டம் நடந்தது. "பின்வாசலுக்கு யாருங்க போறீங்க?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

"நஞ்சப்பண்ணன் போகட்டுமுங்க. நிர்வாகம் தெரிஞ்சவரு" என்றார் லட்சுமணசாமி.

"அய்யய்யோ, நீங்க இருக்கறப்ப நான் முந்திக்கிட்டாத் தப்பாப் போயிருமுங்க. வண்டி சமாச்சாரம்னா பாய்தானுங்க" என்றார் நஞ்சப்பன்.

"நீங்க ரெண்டு பேரும் இருக்கறப்ப நான் ஒரு வார்த்தை பேசலாமுங்களா?" என்றார் அப்துல் கையூம்.

மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. ஒருவருக்கொருவர் விட்டுக் கொடுத்துக் கொடுத்து, டீயும் பஜ்ஜியும் தீர்ந்ததும் கும்பிட்டு எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் காலை அத்தனை பேரும் முன்வாசலில் நின்றார்கள். ஸ்கூட்டியில் வந்த பெண்பிள்ளை, எட்டு ஸ்டாப் போர்டு ஒரேயடியாக உயர்ந்ததைப் பார்த்துப் பயந்து, லைசென்ஸை எடுத்து நீட்டிவிட்டது. பின்வாசலில் ஈ காக்கை இல்லை.

அன்புச்செல்வி லட்சுமணசாமியிடமே போய்க் கேட்டாள்.

"ஏனுங்கய்யா, பொறகால வாசலுக்கு ஒரே ஒரு ஆளு வந்தீங்கன்னாப் போதுமுங்க."

"அதுக்கென்ன அம்மணி, பாத்துப்போடலாம்."

பார்த்துப்போடலாம் என்றால் நடக்காது என்று பொருள். உங்களுக்குத் தெரியாதா என்ன.

அடுத்த வாரம் ஒரு நாள், அம்மாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்து, "நானே போய்க்கறேன்மா, நீ வேன் ஏறு" என்றாள் இனியா. அன்புச்செல்வியும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஏறினாள். ஏறித் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை நாலடி வைத்திருக்கும், டிப்பர் லாரி ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை பின்னால் தாவியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மட்டும் சக்கரத்தில் போனது. அன்புச்செல்வி கத்தி, வேனை நிறுத்தி, இறங்கி ஓடி, மகளைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கும் லேட்.

"இதுதானுங்கக்கா கடைசி. இன்னைக்கு நான் மறைச்சுப்போட்டேன். இனி என்னால முடியாது" என்றான் சசிதர்.

சனிக்கிழமை மளிகைக் கடையில் நஞ்சப்பனைப் பார்த்தாள். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, "ஏனுங்கய்யா, எங்க வாசப்பக்கம் எட்டிப் பாக்கவே மாட்டீங்கறீங்களே?" என்றாள்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க வரமாட்டோம்னா சொன்னோம்? எங்களை மொறையா யாரு கூப்புட்டாங்க சொல்லு? போன்ல தட்டி உட்டா வந்துருவமா? கூப்புடாத எடத்துக்குப் போய் நின்னா நம்மள நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

அன்புச்செல்வி அரிசிக்குக் காசு கொடுத்தாள், மீதியை வாங்க மறந்து வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டினாள். இனியாவுக்குப் பாவாடை உடுத்தி, பூ வைத்தாள். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கல்கண்டு, குங்குமம் எல்லாம் எடுத்துக்கொண்டு முதலில் லட்சுமணசாமி வீட்டுக்குப் போனாள். தட்டைப் பார்த்ததுமே அவர் மனைவி வெங்கடம்மாள் பாய் எடுத்து விரித்து, மோர் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"வா கண்ணு, உக்காரு. யாருக்குக் கண்ணாலம்?"

"கண்ணாலம் இல்லீங்கம்மா. நாளைக்குக் காத்தால பொறகால வாசல்ல எங்க புள்ள ரோடு தாண்டுதுங்க. நீங்களும் அய்யாவும் குடும்பத்தோட வந்து, முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்க."

வெங்கடம்மாள் புருஷனைப் பார்த்தார். லட்சுமணசாமி தட்டைப் பார்த்தார். வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்தாகிவிட்டது. இனி மாட்டேன் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் நாக்கு எழாது.

"கட்டாயம் வந்தர்றோம் அம்மணி" என்றார்.

நஞ்சப்பன் வீட்டில், "லட்சுமணசாமியண்ணனுக்கு வெச்சாச்சா? சரி, அப்ப எனக்கு வை" என்று வாங்கிக்கொண்டார். அப்துல் கையூம், "இத்தன தூரம் நடந்து வந்து கூப்புடறீங்க, வராம இருப்பமுங்களா?" என்று இனியா கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினார்.

திங்கட்கிழமை காலை பின்வாசலைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பட்டு வேட்டிமேல் பச்சை ஜாக்கெட். வெங்கடம்மாள் பட்டுச் சேலையில், சந்தனக் கிண்ணமும் கல்கண்டுத் தட்டுமாக ஓரத்தில் நின்றார். லட்சுமணசாமி ஸ்டாப் போர்டை உயர்த்தினார். அவர் உயர்த்திய பிறகு மற்றவர்கள் உயர்த்தினார்கள். டிப்பர் நின்றது, பஸ் நின்றது, ரோடே நின்றது. இனியாவும் இன்னும் முப்பது பிள்ளைகளும் கல்கண்டைக் கடித்துக்கொண்டு, ஊர்வலம் போல நடந்து பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டார்கள்.

போர்டு மட்டும் இறங்கவில்லை. லட்சுமணசாமி இறக்காமல் தான் இறக்கினால் மரியாதை இல்லை என்று மற்றவர்கள் பிடித்திருந்தார்கள். மற்றவர்கள் பிடித்திருக்கும்போது தான் இறக்கினால் அலுத்துக்கொண்டதாக நினைப்பார்களே என்று அவர் பிடித்திருந்தார். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நின்ற வண்டிகளில் முதல் வரிசையிலேயே நின்றது பம்ப்செட் கம்பெனி வேன். உள்ளே அன்புச்செல்வி. மகள் பத்திரமாகப் போன நிம்மதி ஒரு நிமிஷம்தான் இருந்தது. அவள் கூப்பிட்ட ஆட்களே அவளை லேட் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

முன்சீட்டிலிருந்த சசிதர் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினான்.

"யாருங்க இங்க பெரியாளு? ஒரு கம்பெனியே நின்னு கெடக்குது!"

லட்சுமணசாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "வாங்க தம்பி. எந்தூருங்க?"

"ஊரா இப்ப முக்கியம்? கோபிங்க. போர்டை எறக்குங்க மொதல்ல."

"கோபியா!" நஞ்சப்பன் நகர்ந்து வந்தார். "கோபியில எங்க? நான் அங்க ஏழு வருசம் மேனேஜரா இருந்தனே. உங்கப்பா பேரென்ன?"

அப்பா பெயரை மரியாதையில்லாமல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. குரலை இறக்கிச் சொன்னான்.

"அட, தேங்கா மண்டிக்காரரு! அவரு ஊட்டுல நான் சாப்பிட்ட விரால் மீன் கொழம்பு இன்னும் நாக்குல நிக்குது. அப்பா சௌக்கியமா?"

"சௌக்கியமா இருக்கறாருங்க."

வெங்கடம்மாள் அவன் நெற்றியில் சந்தனம் வைத்து, வாயில் கல்கண்டைப் போட்டார். "அண்ணே, எனக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு, நம்ம தம்பி வாங்கட்டுமுங்களா?" என்று அப்துல் கையூம் கேட்டார். லட்சுமணசாமி தலையசைத்தார். போர்டு சசிதர் கைக்கு வந்தது, வந்ததுமே அவன் இறக்கினான். பிறகு எல்லோரும் நிம்மதியாக இறக்கினார்கள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வழிமறித்தார். "என்ன சார், மொத்த வேனும் லேட்டு?"

சசிதர் கல்கண்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான். "ரோட்டுல ஒரு விசேஷமுங்க. வேன் லேட்டு. ஆளுக யாரும் லேட்டில்ல."

அன்புச்செல்வி இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள். "சார், நாளைக்கு?"

"நாளைக்குப் போர்டு எனக்குத்தானாமுங்கக்கா. சந்தனம் வெச்ச அந்தம்மா வெத்தலை பாக்கு குடுத்துச் சொல்லிப்போட்டாங்க" என்றான் அவன், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து. "வேண்டாமுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

மறுநாள் பின்வாசலில் பச்சை ஜாக்கெட்டோடு சசிதர் ரோட்டுக்கு நடுவில் நின்று, தன் கம்பெனி வேனைத் தானே மறித்தான். சூப்பர்வைசர் ஏறாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. இனியா ரோட்டைத் தாண்டி, வாசலில் நின்று திரும்பிக் கையசைத்தாள். அன்புச்செல்வி சன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டில் சாப்பிட நேரமில்லாமல் கட்டி எடுத்துவந்த இட்லியைப் பிரித்து, அவசரமில்லாமல் தின்றாள்.