மாட்டுப்பொங்கல் இல்லாத துரை

யுத்த காலம். ஒரு மாட்டுப்பொங்கலன்று காலையில், நெமிலிச்சேரி எல்லம்மாவின் கழனியில் குட்டி ஏரோப்ளேன் ஒன்று வந்து குந்தியது. இஞ்சின் நின்றுபோனதாம். ஊரில் எத்தனையோ தரிசு கிடக்க, அறுப்புக்கு நின்ற நெல்லைப் பார்த்துத்தான் இறங்க வேண்டுமா? பாதிக் கழனி படுத்துவிட்டது. மீதி ரோட்டோரமாக நின்றது. புருஷனில்லாத எல்லம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வருஷத்துச் சோறு இனி அவ்வளவுதான்.

உள்ளேயிருந்து செக்கச்செவேலென்று ஒரு துரை இறங்கினான். "கண்ணு அவிஞ்சா பூட்ச்சி, கட்டையில போறவனே!" என்று ஆரம்பித்த எல்லம்மா, அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவன் மணியக்காரர் மகன் லோகநாதன் ஒருவன்தான். அவன் பல்லை இளித்துக்கொண்டு ஏதோ சொல்ல, துரையும் ஏதோ சொன்னான்.

"இன்னாடா சொல்றான்?" என்றாள் எல்லம்மா.

"நீ வாழ்த்து சொன்னதா சொன்னேன். துரைக்கு ரொம்ப சந்தோசம். மீதிப் பயிருக்கு ஒண்ணும் ஆவாதாம்."

"பொய் சொல்றான் யம்மா," என்றான் துரை. "ஆவடிலேர்ந்து லாரி வந்துகினு கீது. ஏரோப்ளேன பயிர் மேலயே இஸ்துகினு பூடும்."

கூட்டம் வாயைப் பிளந்தது. ஆவடி கேம்ப்பில் சமைக்கும் கரையான்சாவடி தெரசாவிடம் கற்ற தமிழாம். லோகநாதன் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினான்.

திட்டியதெல்லாம் புரிந்திருக்குமே என்று வெட்கப்பட எல்லம்மாவுக்கு நேரமில்லை. லாரி வருவதற்குள் அறுத்தாக வேண்டும். கூட்டத்தைப் பார்த்தாள். ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். மாட்டுப்பொங்கலன்று அருவாளோடு கழனியில் இறங்குவதாவது!

அவள் துரையிடம் திரும்பினாள். "உனுக்கு மாட்டுப்பொங்கல் உண்டா?"

"இல்ல யம்மா."

"அப்போ எறங்கு."

தமிழ் தெரியாதவனாக இருந்திருந்தால், லாரி வரும்வரை இளநீர் குடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பான். கற்றுத் தொலைத்துவிட்டான், குனிந்து அறுத்தான். இரண்டு விரலில் ரத்தம். தோஷம் வந்தால் வரட்டும் என்று எல்லம்மாவும் பக்கத்தில் இறங்கினாள்.

கால் பங்கு முடிவதற்குள் லாரி வந்துவிட்டது. பன்னிரண்டு வெள்ளைச் சிப்பாய்கள், மீசை வைத்த ஒரு பெரிய அதிகாரி. கயிற்றைக் கட்டச் சொல்லி அதிகாரி கத்தினான். துரை நிமிர்ந்து, அதிகாரியிடம் இங்கிலீஷில் நீளமாகப் பேசினான்.

"லோகநாதா, இன்னாடா சொல்றாரு?"

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்த லோகநாதன் இந்தத் தடவை ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "நெல்லை அறுக்காம இஸ்தா, தாள் சிக்கி ரெக்கை ஒடிஞ்சிடுமாம். அதிகாரி சரின்ட்டார்."

எல்லம்மா துரையைப் பார்த்தாள். "நெசமாவா ஒடியும்?"

"ஒடியாது யம்மா," என்றான் துரை, அதிகாரியைப் பார்த்துப் பணிவாகத் தலையாட்டியபடியே. "நீ போயி இன்னும் பன்னெண்டு அருவா கொண்டா."