இரண்டு கதவுக் கார்

அவள் கூடவே போனதற்கு ஒரே காரணம், கணவரின் பருத்த உடம்பு அந்தக் காருக்குள் நுழையாது என்ற நம்பிக்கைதான். சேர்த்து வைத்த பணத்தில் ஒன்றுதான் வரும்: அவர் மோகித்த பழைய ஸ்போர்ட்ஸ் கார், அல்லது அவளுடைய திரைச்சீலைத் தையலுக்கு ஒரு கடை. காப்பீட்டு அலுவலகத்தில் இத்தனை காலம் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியவருக்கு இப்போது நிஜக் குதிரை கேட்டது. அதுவும் சிவப்பில்.

விற்பவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். "குழந்தை பிறந்திருக்கு சார். பின்னாடி சீட் இல்ல பாருங்க. இல்லன்னா உயிரே போனாலும் குடுக்க மாட்டேன்" என்றான்.

முன்பக்கம் கீறலை மறைக்கப் பூசிய பெயிண்ட், மலிவான நகப்பூச்சு மாதிரி வேறு சிவப்பாக இருந்தது. அவள் கண்ணில் பட்டது. அவர் கண்ணில் படவில்லை. அவர் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்றுகூட அவள் கையை அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை.

"உக்காந்து பாருங்க மாமா" என்று உசுப்பேற்றினான் கூட வந்திருந்த அவள் தம்பி.

உட்காருவதில் சிரமமில்லை. ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து, மூட்டை சரிவது போலச் சரிந்தார். இருக்கை தரையோடு தரையாகக் கிடந்தது. ஸ்டியரிங் தொப்பையில் பதிந்தது.

"எப்படி இருக்கு மாமா?"

"மடியில போட்டுத் தாலாட்டுற மாதிரி இருக்கு மாப்ள."

"பாத்தாச்சுல்ல, இறங்குங்க" என்றாள் அவள்.

கதவைப் பிடித்து உந்தினார். உடம்பு கொஞ்சம் எழும்பி, மறுபடி பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொரு தரம் உந்தினார். காது சிவந்ததுதான் மிச்சம். விற்பவன் நாகரிகமாக டயரைப் பார்க்க ஆரம்பித்தான்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கை கேட்கும் பார்வை. கொடுத்தால் வெளியே வந்துவிடுவார், வந்த வெட்கத்தில் வீட்டுக்குப் போகலாம் என்பார், கடை அவளுக்கு. எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் அந்தக் கோலத்தைப் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது. கையைக் கட்டிக்கொண்டாள்.

"என்னங்க, கிணத்துல விழுந்த மாடு மாதிரி முழிக்கிறீங்க? கயிறு கொண்டாரச் சொல்லவா?"

தம்பி களுக்கென்று சிரித்தான். விற்பவனும் சிரித்துவிட்டான்.

அவர் உந்துவதை நிறுத்தினார். இறங்க மனமே இல்லாதவர் போலச் சாய்ந்துகொண்டார்.

"எதுக்கு இறங்கணும்? எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன் தம்பி."

"மாமா, கொஞ்சம் பேசிக் குறைச்சு..."

"நீ சும்மா இருடா."

சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலால் நாலு இடத்தில் அழுத்தினார். பணம் வந்துவிட்டதென்று விற்பவனின் கைப்பேசி சிணுங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் கடை போய்விட்டது.

கார் சொந்தமான பிறகும் அவர் உள்ளேதான் இருந்தார். விற்பவன் காகிதங்களை எடுத்துவர வீட்டுக்குள் போனான். தம்பி எங்கோ பார்த்தான். கடைசியில் அவள்தான் போய், காரின் கதவடி விளிம்பில் காலை ஊன்றி, அவருடைய இரண்டு கையையும் பற்றிப் பல்லைக் கடித்து இழுத்தாள்.

"மெதுவாடி!" என்று பதறினார் அவர். "கால எடு. என் கார்ல கீறல் விழுந்துடப் போவுது."