பேரைச் சொன்னால்தான் சோறு

எங்கள் காய்கறிக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று தரையோடு கிடக்கிறது. பள்ளி விட்டு வந்த என் மகள் அதில் ஏறி நின்று முள்ளைப் பார்த்தாள். இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். பிறகு தலையிலிருந்த கிளிப்பையும் எடுத்து வைத்துவிட்டு ஏறினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அவள் பையைத் திறந்தால், மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தபடியே இருந்தது.

ஏனென்று கேட்டேன்.

"பூசணி சாப்பிட்டா இன்னும் பெருசாயிடுமாம். அத்தை சொன்னாங்க."

அத்தை என்றால் என் நாத்தனார். கடையில் பாதி அவளுடையது. பேச்சு முழுக்க அவளுடையது. அவளுக்கு எல்லாமே காய்கறிதான். பிடிக்காத பேச்சு வெங்காயம். வேலைக்கு ஆகாத ஆள் சொத்தைக் கத்தரிக்காய். ஒல்லியான தம்பி, அதாவது என் கணவர், முருங்கைக்காய். கொஞ்சம் பூசினாற்போல இருக்கிற என் மகள் பூசணி. கடைக்கு வருகிறவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன், சிரித்து மழுப்பிவிட்டாள். இனி பேசிப் பிரயோஜனமில்லை, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, சமையல் என்னுடையது. தட்டு வைத்ததுமே நாத்தனார் பூசணியைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். பசிக்கவில்லை என்று மகள் கதவோரமே நின்றாள். நான் பாத்திரத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"என் பொண்ணை அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க அண்ணி. அதுவரைக்கும் இங்க யாருக்கும் சோறு கிடையாது."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆசையாகக் கூப்பிடுவதைப் போய்ப் பெரிதாக்குகிறேனாம், இதெல்லாம் வெறும் வெங்காயமாம். தம்பியை இன்றுவரை முருங்கைக்காய் என்கிறாளே, அவன் என்ன குறைந்தா போய்விட்டான் என்று அவரைப் பார்த்தாள்.

அக்கா முன்னால் வாய் திறக்காத மனிதர் என் கணவர். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எந்த வெயில்லயும் நான் முழுக்கைச் சட்டைதான் போடறேன். ஏன்னு ஒரு நாளாவது கேட்டியாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சட்டைக் கையின் அழுக்கைத் தேய்க்கும்போதெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஏனென்று நானும் கேட்டதில்லை.

நாத்தனார் தம்பியின் மணிக்கட்டில் இறுகப் போட்டிருந்த பொத்தானையே பார்த்தாள். சோறு ஆறியது. நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் அவள் கதவுப் பக்கம் திரும்பி, என் மகளின் பேரைப் பள்ளியில் கூப்பிடுவதுபோல் முழுதாகச் சொன்னாள்.

மகள் உடனே வரவில்லை. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் பொத்தானைக் கழற்றிச் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக் கொண்டிருந்தார். அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை என்னிடம் நீட்டினாள்.

"நிறையப் போடும்மா."

மூடியைத் திறந்து முதல் கரண்டியை அவளுக்கே போட்டேன்.